கலிஃபோர்னியா கவுண்டி பூங்காக்களில் ரேஞ்சர் வேலை: எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது

சான் ஹோசே பக்கம் குடிவந்து வார இறுதிகளில் மலைப்பாதைகளில் நடக்கத் தொடங்கியவர்கள், சீருடையில் டிரக் ஓட்டிப் போகும் ரேஞ்சரைப் பார்த்து "இந்த வேலைக்கு எப்படிச் சேருவது?" என்று கேட்பது வழக்கம். பிள்ளைகளுக்காகக் கேட்கும் பெற்றோரும் உண்டு. சேரலாம். ஆனால் வேலைக்குத் தகுதியானவர்கள்கூட வரிசை தெரியாமல்தான் தோற்கிறார்கள். முதலில் பணம் கட்டிப் பயிற்சி எடுத்துவிடுகிறார்கள். அறிவிப்பு வரும் நேரத்தில் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். அல்லது விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, முதல் சல்லடையிலேயே விழுந்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை சான்டா கிளாரா கவுண்டியை (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) முன்வைத்து எழுதியது. 28 பூங்காக்கள், 52,000 ஏக்கருக்கும் மேல் நிலம் கொண்ட அமைப்பு அது. இங்கே சொல்லும் மாநிலச் சட்டங்கள் கலிஃபோர்னியாவின் எல்லாக் கவுண்டிகளுக்கும் பொருந்தும். சம்பளம், குறைந்தபட்சத் தகுதி ஆகியவை கவுண்டிக்குக் கவுண்டி மாறும். அவற்றுக்கு வேலை அறிவிப்பில் அச்சாகியிருப்பதே கணக்கு.

1. எந்த ரேஞ்சர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே பெயரில் மூன்று வேலைகள் இருக்கின்றன. தேசியப் பூங்காக்களில் வேலை செய்பவர் மத்திய அரசு ஊழியர்; அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். மாநிலப் பூங்கா ரேஞ்சர் முழுநீள போலீஸ் அகாடமி முடித்து, துப்பாக்கி ஏந்துபவர். கவுண்டி ரேஞ்சர் இந்த இரண்டிலும் சேராதவர். அவருடைய அதிகாரத்தைக் கவுண்டியே தீர்மானிக்கிறது.

கவுண்டிகளுக்குள்ளும் இரண்டு வகை உண்டு. மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 830.31 பிரிவின்படி பீஸ் ஆபீசராக, அதாவது போலீஸ் அதிகாரம் கொண்டவராக, நியமிக்கப்படும் ரேஞ்சர்கள் ஒரு வகை. சாக்ரமெண்டோ கவுண்டியில் அமெரிக்கன் ஆற்றங்கரைப் பூங்காவைச் சுற்றிவரும் ரேஞ்சர்கள் துப்பாக்கியுடன் இருப்பது இந்த வகையில்தான். இன்னொரு வகை 836.5 பிரிவின்படி பொது அதிகாரியாக இருப்பவர்கள். கவுண்டி விதிமீறல் கண்ணெதிரே நடந்தால் இவர்கள் சைட்டேஷன் (விதிமீறல் சீட்டு) எழுதலாம். ஆனால் போலீஸ் வேலை இல்லை. அறிவிப்பில் "பீஸ் ஆபீசர்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். விசாரணை எவ்வளவு ஆழமாகப் போகும், எந்தப் பயிற்சி வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தது.

வேலையின் உண்மை நிலையையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். சான்டா கிளாரா பூங்காக்கள் காலை 8 மணி முதல் சூரியன் மறையும் வரை திறந்திருக்கும். கேட் திறப்பது, கழிப்பறை சரிபார்ப்பது, நுழைவுக் கட்டண உறைகளை எடுப்பது, விழுந்த மரத்தைச் செயின் சாவால் அறுத்து வழிவிடுவது, வெயிலில் மயங்கியவரை மேட்டிலிருந்து இறக்குவது, நாயைக் கயிறில்லாமல் விட்டவரிடம் பேசுவது, சாயங்காலம் முகாமில் பிள்ளைகளுக்கு வௌவால் பற்றிச் சொல்வது என எல்லாம் ஒரே ஆள்தான். சனி, ஞாயிறு, ஜூலை 4, மெமோரியல் டே, லேபர் டே எல்லாம் கூட்டம் அதிகமான நாட்கள் என்பதால் அன்று விடுப்புக் கிடைப்பது அரிது. குடும்பத்தில் இதைப் பேசிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

2. வேலை அனுமதி

2023 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் பீஸ் ஆபீசர் ஆகக் குடியுரிமை தேவையில்லை. மத்தியச் சட்டப்படி வேலை செய்ய அனுமதி இருந்தால் போதும். பழைய தகவலை நம்பிக் கிரீன் கார்டுக்காரர்கள் இன்னும் ஒதுங்கி நிற்கிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

ஹெச்-1பி உங்கள் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வார இறுதியில் கவுண்டியில் சம்பளத்துக்குப் பகுதிநேர வேலை செய்ய அதில் இடமில்லை.

ஹெச்-4 (ஹெச்-1பி காரரின் துணை) விசாவில் ஈ.ஏ.டி. என்னும் வேலை அனுமதி அட்டை கையில் இருந்தால் வேலை செய்யலாம். ஆனால் விண்ணப்பித்த நாளிலிருந்து பணியில் சேரும் நாள்வரை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். நடுவில் அட்டை காலாவதியானால் எல்லாம் நின்றுவிடும். காலாவதிக்கு 180 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க முடியும். முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

எஃப்-1 மாணவர்களின் ஓ.பி.டி. என்னும் தற்காலிக வேலை அனுமதி படித்த துறையோடு தொடர்புடைய வேலைக்கு மட்டும். சுற்றுச்சூழல், வனவியல், பூங்கா மேலாண்மை படித்தவருக்குப் பொருந்தும். கணினி படித்தவருக்குப் பொருந்தாது.

துப்பாக்கி உள்ள கவுண்டியானால் இன்னொரு தடையும் இருக்கிறது. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

3. பெயரும் சான்றுகளும்

நம்மவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். விசாவில் முதல் பெயர் இல்லை என்று பதிவாகி, ஓட்டுநர் உரிமத்திலும் அப்படியே ஏறியிருக்கும். பின்னணி விசாரணை செய்பவருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள்.

சோஷியல் செக்யூரிட்டி அட்டை, ஓட்டுநர் உரிமம், குடியேற்ற ஆவணம் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கும்படி முதலில் சரிசெய்யுங்கள். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களை மாற்ற முயல வேண்டாம், மாதக்கணக்கில் இழுக்கும். விண்ணப்பப் படிவத்தில் "பயன்படுத்திய வேறு பெயர்கள்" என்ற கட்டத்தில் அந்த வடிவங்கள் எல்லாவற்றையும் எழுதினால் போதும்.

இந்தியப் பட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனங்களின் என்.ஏ.சி.இ.எஸ். கூட்டமைப்பில் உள்ள நிறுவனம் ஒன்றில், பாடவாரியான அறிக்கையாகக் கேளுங்கள். சுருக்க அறிக்கை மலிவு. ஆனால் "இயற்கை அறிவியலில் இத்தனை யூனிட்" என்று அறிவிப்பு கேட்டால் அது உதவாது. பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் மூடிய உறையிலோ நேரடி மின்வழியிலோ போக வேண்டும். ஊரில் யாராவது அலுவலகத்துக்கு நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும், அதற்கே சில வாரம் ஆகும். அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் நேரம் போதாது.

ஓட்டுநர் உரிமம் கலிஃபோர்னியாவினதாக இருக்க வேண்டும். இங்கே குடியேறிய 10 நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பது விதி. ஓட்டுநர் பதிவில் 12 மாதத்தில் விதிமீறல்களுக்காக 4 புள்ளி சேர்ந்தால் டி.எம்.வி. (மாநில மோட்டார் வாகனத் துறை) உங்களைக் கவனமற்ற ஓட்டுநராகக் கருதும். நாள் முழுக்க டிரக்கில் இருக்கும் வேலைக்கு அது பெரிய குறை.

4. மணிநேரம் சேருங்கள்

நேராக ரேஞ்சர் வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைப்பவர்கள் குறைவு. அனுபவம் மணிக்கணக்கில்தான் எண்ணப்படுகிறது: ஒரு வருட முழுநேரம் என்றால் 2,080 மணி. வாரம் 20 மணி வீதம் ஆறு மாதம் செய்தால் அது 520 மணி, அதாவது மூன்று மாத அனுபவம்தான். இதை ஆறு மாதம் என்று எழுதி நிராகரிக்கப்பட்டவர்கள் பலர்.

சம்பளத்தோடு நுழைய நல்ல வாசல் சான்டா கிளாரா கவுண்டியின் பார்க் சர்வீஸ் அட்டெண்டன்ட் வேலை. கட்டணம் வாங்குவது, கேட் பார்ப்பது, சுத்தம் செய்வது. பெரிய வேலையாகத் தோன்றாது. ஆனால் ரேடியோவில் பேசவும், கோபத்தோடு வரும் ஆளைச் சமாளிக்கவும், பூங்காவின் மூலை முடுக்கைத் தெரிந்துகொள்ளவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. நேர்முகக் குழுவில் உட்காரும் மூத்த ரேஞ்சர்கள் அதற்குள் உங்களை வேலையில் பார்த்திருப்பார்கள். கோடைக்கான ஆள்சேர்ப்பு வசந்தத்துக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால் ஜனவரியிலிருந்தே கண்வையுங்கள்.

தன்னார்வப் பணியும் எண்ணப்படும்: பாதைக் கண்காணிப்பு, வழிகாட்டி நடை, களை எடுப்பு, பாதை சீரமைப்பு. தேதி, மணி, மேற்பார்வையாளரின் பெயர் மூன்றையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் யாருக்கும் நினைவிருக்காது. விசாவில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வழக்கமாக எல்லோரும் சம்பளமின்றிச் செய்யும் பணியாக இருக்க வேண்டும். சம்பள வேலையை இலவசமாகச் செய்து தருவது விசா விதிப்படி சிக்கல்.

படிக்க வயதும் நேரமும் உள்ளவர்களுக்குச் சாரடோகாவில் உள்ள வெஸ்ட் வேலி கல்லூரியின் பூங்கா மேலாண்மைப் படிப்பு நல்ல வழி. சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மாநிலவாசி ஆக ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஹெச்-1பி, ஹெச்-4 விசாவில் இருப்பவர்களும் அந்தக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். எஃப்-1 மாணவர்களுக்கு முடியாது.

5. சான்றிதழ்கள்: மலிவானதை இப்போது, காலாவதியாவதைக் கடைசியில்

முதலில் இலவசமானவை. மத்தியப் பேரிடர் மேலாண்மை நிறுவனமான ஃபீமாவின் இணையப் பாடங்களான ஐ.எஸ்.-100, 200, 700, 800 நான்கையும் முடியுங்கள். அதற்கு மாணவர் எண் ஒன்று பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் மின்னஞ்சலில் வரும்.

அடுத்து காட்டுத்தீப் பாடங்கள். எஸ்-190 தீயின் இயல்பு பற்றியது, எல்-180 மனித நடத்தை பற்றியது. இரண்டும் இணையத்தில் படிக்கலாம். எஸ்-130க்குக் களநாள் ஒன்று உண்டு, அதில் தீ சூழ்ந்தால் உயிர்காக்கும் தீக்கூடாரத்துக்குள் படுத்துக் காட்ட வேண்டும். இணையப் பகுதியை மட்டும் முடித்துவிட்டு "எஸ்-130 உண்டு" என்று எழுதாதீர்கள். இந்தத் தகுதி ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிப்புப் பாடமும் கேட்கும்.

காட்டுத்தீப் பணிக்கான உடல் தேர்வு: 45 பவுண்டு சுமையோடு 3 மைல் தூரத்தை 45 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். ஓடக் கூடாது, ஓடினால் தோல்வி. கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 19 நொடி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நடப்பவர்களுக்குக்கூட முதுகில் 20 கிலோ ஏறியதும் கணைக்கால் எலும்பும் குதிகாலும் வலிக்கும். 15 பவுண்டில் தொடங்கி எட்டு வாரத்தில் 45க்கு வாருங்கள். பூட்ஸ் புதிதாக இருந்தால் கொப்புளம் நிச்சயம், அதனால் தேர்வுக்கு அணியும் அதே ஜோடியில் பயிற்சி எடுங்கள்.

முதலுதவியில் மூன்று படிகள் உண்டு. பொதுப் பாதுகாப்புப் பணியாளர்களுக்கான முதலுதவிப் பயிற்சி 21 மணி. ஈ.எம்.டி. என்னும் அவசர மருத்துவப் பணியாளர் பயிற்சி குறைந்தது 170 மணி. நடுவில் ஈ.எம்.ஆர். என்னும் சிறிய அவசர மருத்துவப் பயிற்சி இருக்கிறது. அறிவிப்பு எதைக் கேட்கிறதோ அதை மட்டும் எடுங்கள். ஈ.எம்.டி. இருந்தால் மதிப்பெண்ணில் முன்னே நிற்பீர்கள் என்பது உண்மை. ஆனால் அது இரண்டு வருடம்தான் செல்லும், புதுப்பிக்க 24 மணித் தொடர்கல்வி வேண்டும். முழுக்க இணையத்திலேயே முடியும் சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் முதலுதவி) சான்றிதழை வாங்க வேண்டாம்; கையால் அழுத்திக் காட்டாத சான்றிதழ் இங்கே செல்லாது.

கடைசியில் பி.சி. 832, அதாவது மாநிலக் குற்றவியல் சட்டத்தின் 832 பிரிவு கேட்கும் பயிற்சி. பீஸ் ஆபீசராக அதிகாரம் பயன்படுத்த இந்தப் பயிற்சி கட்டாயம். கைது, தற்காப்புப் பகுதி 40 மணி, துப்பாக்கிப் பகுதி 24 மணி. துப்பாக்கி தராத கவுண்டிக்குத் துப்பாக்கிப் பகுதி தேவையில்லை. அந்தப் பணத்தையும் தோட்டாச் செலவையும் மிச்சம் பிடிக்கலாம். சொந்தச் செலவில் துப்பாக்கிப் பகுதியில் சேர்பவர்கள் மாநில நீதித்துறையிடமிருந்து தடையில்லா அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். அது வர வாரக்கணக்கில் ஆகும். வகுப்பு தொடங்கும் வாரம் கைரேகை கொடுத்தவர்கள் வகுப்பை இழந்திருக்கிறார்கள்.

முடித்த மூன்று வருடத்துக்குள் பீஸ் ஆபீசர் வேலையில் சேராவிட்டால் மறுபடி தகுதி காட்ட வேண்டும். அதனால்தான் இதைக் கடைசியில் வைத்திருக்கிறோம். பல கவுண்டிகள் வேலையில் சேர்த்துக்கொண்டபின் தாமே செலவு செய்து அனுப்புகின்றன. "சேர்ந்தபின் முடிக்கலாம்" என்று அறிவிப்பில் இருந்தால் காத்திருங்கள்.

6. விண்ணப்பம்

கவுண்டி வேலைகள் கவர்ன்மென்ட் ஜாப்ஸ் தளத்தில் வரும். விரும்பும் வேலைப்பிரிவுக்கு ஆர்வ அட்டை ஒன்று போட்டுவைத்தால் அறிவிப்பு வரும்போது மின்னஞ்சல் வரும். அந்த அட்டை ஒரு வருடம்தான் உயிரோடு இருக்கும். நாட்காட்டியில் குறித்துவைத்துப் புதுப்பியுங்கள்.

அறிவிப்பு திறந்திருக்கும் காலம் சில வாரம்தான். போதிய விண்ணப்பம் வந்ததும் மூடிவிடும் இடங்களும் உண்டு. முதல் வாரத்திலேயே அனுப்புங்கள்.

விண்ணப்பத்தை முதலில் பார்ப்பவர் ரேஞ்சர் அல்ல. மனிதவளத் துறை எழுத்தர். அறிவிப்பில் உள்ள தகுதி வரிகளை ஒரு கையில் வைத்துக்கொண்டு உங்கள் விண்ணப்பத்தில் அவற்றைத் தேடுவார். அவர் யூகிக்க மாட்டார், யூகிக்கவும் அனுமதி இல்லை. எனவே:

"ரெஸ்யூமே பார்க்கவும்" என்று எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள். அது வெற்றிடமாகவே கொள்ளப்படும்.

ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம், வாரத்துக்கு எத்தனை மணி என்று எழுதுங்கள். தன்னார்வப் பணிக்கும் அப்படியே.

கூடுதல் கேள்விகளுக்கான பதில்தான் பெரும்பாலும் மதிப்பெண் பெறும் பகுதி. "பொதுமக்களோடு பழகிய அனுபவம்" என்று கேட்டால் எந்த இடம், என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன என்று நான்கைந்து வரி எழுதுங்கள். அடக்கம் காட்டி ஒரே வரியில் முடிப்பது நம் பழக்கம். இங்கே அதற்கு மதிப்பெண் இல்லை.

7. எழுத்துத் தேர்வும் நேர்முகக் குழுவும்

எழுத்துத் தேர்வு இருந்தால் அது வாசித்துப் புரிதல், தெளிவாக எழுதுதல் இரண்டையும் சோதிக்கும். அறிக்கை எழுதப் பழகுங்கள்: 24 மணிக் கணக்கில் நேரம், கண்ட உண்மை, கேட்ட சொல், செய்த செயல். "அவர் குடித்திருந்தார்" என்று எழுதாமல் "வாயில் மதுவாசனை, கண்கள் சிவப்பு, நடையில் தள்ளாட்டம்" என்று எழுதுவதே அறிக்கை.

நேர்முகத்தில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பார்கள். முகத்தில் உணர்ச்சி காட்டாமல் குறிப்பெடுப்பார்கள். அதைப் பார்த்துத் தளர வேண்டாம், விதியே அப்படி. சூழல் கேள்விகள் கட்டாயம் வரும். கயிறில்லாத நாய், தடைசெய்த இடத்தில் பார்பிக்யூ நெருப்பு, சத்தமாகப் பாட்டுப் போடும் பெரிய குடும்பக் கூட்டம், காணாமல்போன குழந்தை. பதிலின் வரிசை எப்போதும் ஒன்றே: பாதுகாப்பு, ரேடியோவில் தகவல், மரியாதையான பேச்சு, விதி ஏன் இருக்கிறது என்ற விளக்கம், எச்சரிக்கை, தேவையானால் சைட்டேஷன், பிறகு அறிக்கை. நேராகச் சைட்டேஷனுக்குத் தாவுபவரும், எதற்கும் சைட்டேஷன் எழுதவே மாட்டேன் என்பவரும் சம அளவில் மதிப்பெண் இழப்பார்கள். குழந்தை காணாமல்போன கேள்வியில் மட்டும் வரிசையைச் சுருக்குங்கள்: உடனே ரேடியோ, கடைசியாகப் பார்த்த இடம், உடை, வெளியேறும் வழிகளில் ஆள்.

பூங்காக்களைக் காலால் நடந்து தெரிந்துகொண்டு போங்கள். இரண்டு எடுத்துக்காட்டுகள். அல்மேடன் குவிக்சில்வர் பகுதி பழைய பாதரசச் சுரங்கம். அதனால் அங்குள்ள நீர்த்தேக்கங்களில் பிடித்த மீனைச் சாப்பிடக் கூடாது. இதை மீன்பிடிக்கும் குடும்பத்துக்கு எப்படிச் சொல்வீர்கள் என்பது நல்ல நேர்முகக் கேள்வி. தமிழிலும் இந்தியிலும் சொல்ல முடியும் என்பது உங்களுக்கு உண்மையான பலம். ரேஞ்சோ சான் அன்டோனியோவின் கவுண்டிப் பூங்காவை மிட்பெனின்சுலா திறந்தவெளி மாவட்டம் நிர்வகிக்கிறது. அங்கே நீங்கள் பார்த்த ரேஞ்சர் கவுண்டிக்காரர் அல்ல. "ரேஞ்சோவில் உங்கள் ரேஞ்சர்களைப் பார்த்துத்தான் ஆசை வந்தது" என்று கவுண்டி நேர்முகத்தில் சொன்னால், வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

தேர்ச்சி பெற்றால் தகுதிப் பட்டியலில் பெயர் ஏறும். அது வேலை அல்ல. இடம் காலியாகும்போது மேலிருந்து அழைப்பார்கள். மாதங்கள் ஓடலாம், பட்டியலே காலாவதியும் ஆகலாம். அந்தக் காலத்தில் முகவரி, தொலைபேசி மாறினால் உடனே தெரிவியுங்கள்.

8. பின்னணி விசாரணை

பீஸ் ஆபீசர் பதவியானால் தனிநபர் வரலாற்றுப் படிவம் ஒன்று வரும், பக்கங்கள் அதிகம். கடந்த பத்து வருட முகவரிகள், வேலைகள், வீட்டில் உடனிருந்தவர்கள், உறவினர், பரிந்துரையாளர் எல்லாம் கேட்கும். சென்னையில் தங்கிய ஹாஸ்டல், பெங்களூரில் மூன்று பேரோடு பகிர்ந்த வீடு, ஆறு மாதம் மட்டும் பார்த்த வேலை எதுவும் விடுபடக் கூடாது. தேதிகளுக்கு நடுவே ஒரு மாத இடைவெளி இருந்தாலும் கேள்வி வரும். இந்தப் பட்டியலை இன்றே ஒரு கோப்பில் தொடங்கிவிடுங்கள். பத்து நாள் கெடுவில் நினைவிலிருந்து எழுத முடியாது.

இந்தியாவின் போலீஸ் சான்றிதழ் கேட்டால் தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ். நிறுவனம் வழியாகத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் ஊர்க் காவல்நிலையம் விசாரிக்க நேர்ந்தால் தாமதமாகும். வீட்டில் முன்பே சொல்லிவையுங்கள்.

உங்கள் மாநிலக் குற்றப்பதிவை நீங்களே முன்கூட்டிப் பார்க்கலாம்: நீதித்துறைக் கட்டணம் 25 டாலர், கைரேகை எடுப்பவரின் கட்டணம் தனி. லைவ் ஸ்கேன் (மின்னணுக் கைரேகை) கொடுத்த ரசீதில் உள்ள ஏ.டி.ஐ. என்னும் அடையாள எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். ரேகை தெளிவில்லை என்று திரும்பி வந்தால் அந்த எண்தான் உதவும். தோட்டவேலையிலும் பாத்திரம் கழுவுவதிலும் ரேகை தேய்ந்தவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் கைக்குக் களிம்பு தடவுங்கள்.

பழைய தவறு ஒன்றுக்காக நிராகரிக்கப்படுபவர்களைவிட, அதை மறைத்ததற்காக நிராகரிக்கப்படுபவர்கள் அதிகம். தள்ளுபடியான டிராஃபிக் டிக்கெட், மாணவனாக இருந்தபோது நடந்த சண்டை, வேலையிலிருந்து நீக்கப்பட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். "கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்" என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

9. நிபந்தனைக் கடிதம் வந்தபின்

நிபந்தனையோடு வேலை தரும் கடிதம் முதலில் வரும். பின்னணி விசாரணை, மருத்துவப் பரிசோதனை, போதைமருந்துச் சோதனை, சில இடங்களில் மனநலப் பரிசோதனை இவையெல்லாம் அதன் பிறகுதான் முடியும். அந்தக் கடிதத்தைக் காட்டி இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். சேரும் தேதி அச்சான இறுதிக் கடிதம் கைக்கு வந்தபிறகு இரண்டு வாரம் நோட்டீஸ் கொடுத்தால் போதும். கவுண்டி அதை எதிர்பார்த்துத்தான் தேதி தரும்.

சேர்ந்தவுடன் தகுதிகாண் காலம் தொடங்கும். மூத்த ரேஞ்சரோடு டிரக்கில் களப்பயிற்சி, தினமும் எழுத்தில் மதிப்பீடு. புதியவர்கள் இங்கே தடுமாறுவது பெரும்பாலும் ரேடியோவில்தான்: பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசாவிட்டால் முதல் சொல் அறுந்துபோகும், டிஸ்பாட்சருக்குப் பாதிதான் கேட்கும். நம் உச்சரிப்பு வேறு என்பதால் வேகத்தைக் குறைத்து, இடப்பெயரை இரண்டுமுறை சொல்லிப் பழகுங்கள். தொட்டால் தோல் அரித்துக் கொப்பளிக்கும் பாய்சன் ஓக் செடியை மூன்று இலைக்கொத்தாகவும், குளிர்காலத்தில் இலையுதிர்ந்த வெறும் குச்சியாகவும் அடையாளம் காணக் கற்றுக்கொள்ளுங்கள். இலை இல்லாத குச்சியிலும் எண்ணெய் இருக்கும், செயின் சாவால் அறுக்கும்போது தெறிக்கும். பாதை வேலை முடிந்த அன்று சீருடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.